குறுக்குவழியின் வால்

ஓயார்ஸ் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:
"என் கணினிக்குள் யாரோ குடிவந்துவிட்டார்கள்.
செய்தி கேட்டால் சூதாட்டம் காட்டுகிறார்கள்."

லியெபாயாவில் பிப்ரவரி.
ஊருக்கே ஒரு டிராம் தடம்,
எங்கே போனாலும் அவன் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும்.
கடற்காற்று என் கோட்டுப் பொத்தான்களை
ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தது.

பழுப்பேறிய பெட்டி. அதன்மேல் பூனை.
சூட்டுக்காக மட்டுமே அதை நேசிக்கிறது என்றான்.
மூடியைக் கழற்றினால்
விசிறியில் இன்னொரு பூனை செய்யுமளவு முடி.

உலாவியைச் சொடுக்கினேன்.
அவன் வைத்திருந்தது வானிலைப் பக்கம்.
அதைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு
முன்னால் வந்து நின்றது ஊர்பேர் தெரியாத ஒரு தேடல் பக்கம்.
மேலே ஆறு கருவிப்பட்டைகள், மாடிமேல் மாடி.
படிக்க விட்டுவைத்த இடம் ஒரு சாண்.
"குனிந்து பார்த்தே பழகிவிட்டேன்" என்றான்,
முப்பது வருடம் டிராம் சக்கரங்களுக்கு அடியில் கிடந்தவன்.

ஒவ்வொன்றாக நீக்கினேன்.
கூப்பன் தருகிறேன் என்று வந்தது ஒன்று.
வேகம் கூட்டுகிறேன் என்று வந்தது
இருந்த வேகத்தையும் தின்றிருந்தது.
இன்னொன்று போகிற போக்கில் கேட்டது:
"நிஜமாகவா? எங்களுக்கு வருத்தமாக இருக்கிறதே?"
'ஆம்' சாம்பலுக்குள் சாம்பலாக,
'வேண்டாம்' பச்சைப் பசேலென்று.

அணைத்து, மறுபடி போட்டேன்.
ஸ்கைத்ரீத்தே தேநீர் கொண்டுவந்தாள்.
திரை விழித்தது.
அதே பக்கம்,
கழுத்தைப் பிடித்துத் தள்ளியவனுக்கே
காலணி துடைத்துக்கொண்டு வணக்கம் சொல்வதுபோல்.

நேரமிட்ட பணிகளைப் பார்த்தேன்.
தினமும் பிற்பகல் மூன்று பத்துக்கு
யாரும் வைக்காத ஓர் அலாரம்:
பிடுங்கியதையெல்லாம் திரும்ப நட்டுவிட்டுப் போகும்.
அதையும் பிடுங்கினேன். மறுபடி அணைத்து, போட்டு,
மறுபடி அதே.

கடைசியில்தான் திரையிலிருந்த சின்னத்தையே சந்தேகித்தேன்.
குறுக்குவழியின் பண்புகள்:
சரியான கோப்புறை, சரியான பெயர்,
மேற்கோள்குறியும் மூடியாயிற்று.
அதற்கப்புறம் ஓர் இடைவெளி விட்டு
வால்.
அம்புவிசையை அழுத்தி அழுத்தி
வலப்பக்கம் போனால்தான் தெரியும் நீளம்.
வீடெல்லாம் தேடியிருக்கிறேன்,
திருடன் கதவின் கைப்பிடியாக இருந்திருக்கிறான்.

வெட்டினேன்.
வானிலை வந்தது: மைனஸ் நான்கு, மேற்குக் காற்று.
ஓயார்ஸ் சன்னலைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.
"ஒத்துப்போகிறது."

இத்தோடு எழுந்திருக்கலாம்.
எங்கிருந்து வந்தது என்று நோண்டுகிற கெட்ட பழக்கம் எனக்கு.
பதிவிறக்கங்கள், தேதிவாரியாக.
எல்லாவற்றுக்கும் மூத்தது
இலவச ஒலிமாற்றி ஒன்று.
நவம்பர் பதினெட்டு, இரவு ஒன்பது நாற்பது.

நாட்டின் பிறந்தநாள். இங்கேதான் விருந்து.
அவன் அக்கார்டியன் வாசித்த பழைய கேசட்டை
ரீகாவிலிருக்கும் மகனுக்கு அனுப்பும்படி மாற்றித் தருகிறேன் என்று
இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தது யார்?
ஒரு கையில் கோப்பை, மறு கையில் சுட்டி,
அடுத்து, அடுத்து, ஒப்புக்கொள்கிறேன், அடுத்து.
வாசிக்காமல் ஒப்புக்கொண்ட விரல்
இதோ,
இப்போது வீரன் மாதிரி வெட்டிக்கொண்டிருந்த அதே விரல்.

கோப்பை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலிசெய்தேன்.
"யார் வேலை இது?" என்றான், பூனையைத் தடவிக்கொண்டு.
"யாரோ ஒரு முட்டாள்" என்றேன்.
பொய்யில்லை.

கிளம்பும்போது புகைபோட்ட மீன் இரண்டு, செய்தித்தாளில் சுற்றி.
வேண்டாம் என்றேன்.
அந்தப் பொத்தான் அவனிடம் வேலை செய்யாது.

டிராமில் மடியில் மீன்.
எதிரே இருந்தவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு
கடைசி இருக்கைக்குப் போனாள்.
பாலம் ஏறும்போது அவனுடைய குறுஞ்செய்தி:
"மூன்று பத்து தாண்டிவிட்டது. யாரும் வரவில்லை."

வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு எழுதினேன்:
"அன்று அதை நிறுவியது நான்."

இரண்டு நிறுத்தம் போயிற்று.
"தெரியும்" என்று வந்தது.
அப்புறம் தனியாக இன்னொன்று:
"கேசட் நன்றாக வந்திருந்ததே."