வலது வெளி

பந்து அதிகம் வராத இடம் என்று
என்னை வலது வெளியில் நிறுத்தினார்கள்.
ஏழு கோடை.
புல்லில் தத்துக்கிளி எண்ணவும்
நாலு பூச்சியம் ஒன்று நெடுஞ்சாலையின் இரைச்சலில்
லொறியையும் காரையும் பிரித்தறியவும்
ஸ்காபரோவில் எனக்குக் கிடைத்த பயிற்சி அதுதான்.

ஆகவே அந்த அறிவித்தலை முதலில் கண்டதும் நான்தான்.
என் முதுகுக்குப் பின்னால், வேலிக் கம்பியில்,
பிளாஸ்டிக் உறைக்குள்:
சொஃப்ட்போல் மைதானங்கள் ஒன்றும் இரண்டும்
அடுத்த வசந்தத்தில் மூடப்படும்.
காரணம், பயன்பாடு குறைவு.

நாலு விளக்கில் மூன்று எரியாமல் மூன்று வருடம்.
எரியாத விளக்குக்கு இரவு அனுமதி இல்லை.
அனுமதி இல்லாத இரவில் ஆட்கள் இல்லை.
பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனவர்களே வந்து
படுக்க ஒருவரும் இல்லையே என்கிறார்கள்.

டொரீன் சுண்ணாம்பு வண்டியை நிறுத்திவிட்டு வாசித்தாள்.
இரண்டு தரம்.
"எண்ணுவோம்" என்றாள். அவ்வளவுதான்.

யூலை முழுக்க எண்ணினோம்,
விடிவதிலிருந்து இருட்டும் வரை, முறை வைத்து.
விமான நிலையச் சரக்குப் பகுதியில் இரவு வேலை முடித்து
நேரே வருவதால் விடியல் என்னுடையது,
சில நாள் மர்வாவும் வருவாள்.
முதல் ஆள் எப்போதும் ஒரு நரி.
அதை எழுதலாமா கூடாதா என்று
இருவருக்கும் வாக்குவாதம்.
எழுதினோம். பிறகு வெட்டினோம்.

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு
தளம் தளமாக நடந்து பழகும் பஸ் சாரதி.
பதினாலு வயதுக்குட்பட்ட பெண்கள்;
அதில் ஓஷானி கீழ்க்கையால் வீசும் வேகத்துக்குப் பயந்து
பிடிப்பவள் கையுறைக்குள்
பாத்திரம் தேய்க்கும் பஞ்சு வைத்திருந்தாள்.
ஞாயிறுகளில் பிலிப்பினோ தேவாலயத்துக்கும்
தபால்காரர்களுக்கும் தீராப் பகை.
செவ்வாய் நாங்கள்,
வேலிக்கு வெளியே கணக்குப் பாடத்துடன் எங்கள் பிள்ளைகள்.
ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டுப் பேர்.
நரி நீங்கலாக.

நகரசபையில் ஒருவருக்கு மூன்று நிமிடம்.
பெயரை அழைத்த நேரம் டொரீனுக்கு இழுப்பு.
கொப்பியை என் மடியில் வைத்தாள்.
வலது வெளிக்குப் பந்து வருவது இப்படித்தான்,
வராது என்று எல்லாரும் நம்பியிருக்கையில்,
சூரியனுக்குள்ளிருந்து.

பேச்சு அவள் எழுதியது. அவளுடைய ஆங்கிலம்.
அதை மடித்து வைத்துவிட்டு
கொப்பியை ஆள் ஆளாக வாசித்தேன்.
யூலை ஒன்று, காலை ஆறு பத்து,
நீலத் தொப்பி, இடது காலில் பட்டி, ஒருவர்.
யூலை மூன்று முடிய மணி அடித்தது.
"இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது" என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
சபை உறுப்பினரா,
கடைசி வரிசைத் தபால்காரரா தெரியவில்லை.

ஒன்றைத் தந்தார்கள், இரண்டு வருடத்துக்கு.
எது என்று நீங்களே முடிவெடுங்கள் என்றார்கள்.
கெட்டிக்காரர்கள்.

ஒன்றாம் மைதானம் ஒரு மழைக்கே குளம்.
இரண்டாவதில் பின்வலை கிழிசல்.
தேவாலயத்தார் விளையாடிப் பழகியது ஒன்றில்.
பாடசாலை உடற்பயிற்சி அறையில் கை உயர்த்தினோம்.
இரண்டுக்குப் பதினொன்று, ஒன்றுக்கு ஒன்பது.
அந்த அரைமணி நேரம் நாங்களும் ஒரு நகரசபை.
அன்றிலிருந்து பகுலாயன் என்னோடு கதைப்பதில்லை.

மண்வெட்டி இயந்திரம் வருவதற்கு முதல்நாள்
ஒன்றாம் மைதானத்தின் கடைசித் தளத்தைத் தோண்டி எடுத்தேன்.
ஐந்து மூலை வெள்ளை ரப்பர்.
அடியில் கறல் பிடித்த ஆணிகள்,
ஒரு காற்சட்டைப் பொத்தான்.
இந்த விளையாட்டில் அதற்குப் பெயர் வீடு.
என் பாஷையிலோ
அறமும் பொருளும் இன்பமும் கடந்த பிறகு கிடைப்பது.
ஏழு கோடையில் நான் அதை மிதித்தது நாலு முறை.
பகுலாயனின் கதவோடு சாத்தி வைத்துவிட்டு
மணியை அழுத்தாமல் திரும்பினேன்.

மே மாதம்.
இரண்டு விளக்கு எரிகிறது.
வேலியில் புதிய உறை, புதிய கடதாசி:
பயன்பாடு கண்காணிக்கப்படும்.
நாங்களும் புதிய கொப்பி வாங்கியிருக்கிறோம்.
முதல் வரி மர்வாவின் கையெழுத்து.
காலை ஐந்து ஐம்பது. நரி, ஒன்று.

வெட்டவில்லை.