கடைசிப் பெயர்

அறுநூற்றுப் பதினான்கு யூரோ.
இருக்கிறது. தெரிகிறது.
தொட முடியாது.
விளக்கணைத்த நகைக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மாதிரி
சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.

என் தொழில் இது:
ரெயூனியன் தீவிலிருந்து யாராவது எழுதுவார்கள்.
பாட்டன் பெயர் காருப்பாய்,
புதுச்சேரியில் கப்பல் ஏறினான், ஊர் தெரியவில்லை என்று.
நான் பழைய பதிவேட்டின் நகல்களைப் புரட்டுவேன்.
பிரெஞ்சுக் குமாஸ்தாவின் காதில் என்ன விழுந்திருக்கும் என்று
வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.
காருப்பாய், கருப்பாய், கருப்பாயி.
அது பாட்டன் இல்லை மதாம்,
அவனைப் பெற்றவள்.
ஒரு பெயருக்கு முப்பது யூரோ.

ஜூன் நான்கு, காலையில்,
முத்தியால்பேட்டை மாடிக்குத் தண்ணீர் ஏறாத நேரம்,
மின்னஞ்சல் வந்தது:
அன்புள்ள எஸ்எஸ்,
உங்கள் கணக்கு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

எஸ்எஸ் நான்தான்.
செ. அமலோற்பவம்.
கடைசிப் பெயர்க் கட்டத்தைக்
காலியாக விடக்கூடாது என்றது அந்தக் கம்பெனி.
இனிஷியலைப் போட்டேன்.
இரண்டெழுத்தாவது வேண்டும் என்றது.
அக்காள் மகன் டோமினிக் இன்னொரு எஸ் தட்டினான்.
போதும் சித்தி, மெஷின்தானே.
ஆறு வருஷம் போதுமாகத்தான் இருந்தது.

ஆதாரில் ஒரு எஸ்.
பாஸ்போர்ட்டில் அதுவும் இல்லை.
பான் கார்டில் செபஸ்தியான் முன்னால், நான் பின்னால்.

உரையாடல் பெட்டிக்குள் ஒருவர் வந்தார். ஜோ என்றார்.
அவருக்குக் கடைசிப் பெயர் இல்லை.
பொருளை அனுப்பிய ரசீது? டிராக்கிங் எண்?
பொருள் இல்லை ஐயா, ஒரு பெயர்.
பெயரின் புகைப்படம் அனுப்ப முடியுமா?
அனுப்பினேன். பழுப்புத் தாள், சாய்ந்த எழுத்து, பூச்சி தின்ற ஓரம்.
தெளிவாக இல்லை என்றார்.
எனக்கே நாலு நாள் பிடித்தது.
நூற்றெண்பது நாள் பொறுத்திருங்கள்,
வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

மகளின் கல்லூரி பதினெட்டாம் தேதிவரைதான் பொறுக்கும்.
சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனேன்.
அடகுக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து
மில் செபஸ்தியான் மகள்தானே என்றார்,
எண்ணிக் கொடுத்தார்.

கோர்ட்டு வாசலில் நோட்டரி.
இருபது ரூபாய் பத்திரத்தில் தட்டச்சு:
அமலோற்பவம், எஸ். அமலோற்பவம்,
அமலோற்பவம் எஸ்எஸ், செபஸ்தியான் அமலோற்பவம்
ஆகிய நால்வரும் ஒருவரே.
மூவர் ஒருவரே என்று ஞாயிறுதோறும்
சொல்லிப் பழகிய வாய்தான்.
நாலாவதற்குக் கொஞ்சம் தயங்கியது.

மதாம் காருப்பாயும் எனக்காக மூன்று பக்கம் எழுதினார்.
வந்து சேர்ந்தது,
என் சமையலறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன் என்று.
கம்பெனி அவருக்கு நன்றி சொல்லி,
அவர் பெயரைச் சரிபார்க்கச் சொன்னது.

டோமினிக் தோண்டி எடுத்தான்:
பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்,
குறைதீர்ப்பு அதிகாரி, மும்பை.
எல்லாவற்றையும் ஒரே கவரில் தைத்து
ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.
பதினோராம் நாள் அட்டை திரும்பி வந்தது.
அடியில் ஒரு கிறுக்கல். யாரோ ஒரு கை.
இத்தனை மாதத்தில் அந்தப் பக்கத்திலிருந்து
மை தொட்டு வந்தது அது ஒன்றுதான்.
அதைப் பதிவேட்டுத் தாளைப் போல
வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் படித்தேன்.
கே-யா, ஆர்-ஆ, பிடிபடவில்லை.

நூற்று நாற்பத்தோராம் நாள்
சாம்பல் நிறம் கறுப்பாக மாறியது.
காரணம் சொல்லவில்லை, மன்னிப்பும் இல்லை.
கமிஷன் பிடித்து, மாற்று விகிதத்தில் கடித்து,
மிச்சம் வந்தது. சங்கிலி வந்தது.
வட்டிக்குப் போனது போனதுதான்.

இப்போது கட்டத்தில் முழுசாக அப்பா இருக்கிறார்.
மாதம் ஒருமுறை கம்பெனி அவருக்கு எழுதுகிறது.
அன்புள்ள செபஸ்தியான்,
உங்கள் கணக்கு நல்ல நிலையில் உள்ளது.

அவருக்குக் கணக்கே இருந்ததில்லை.
கம்பெனிக் கடிதம் என்று ஒரே ஒன்று வந்தது,
மில்லை மூடிய வாரம்.
அதில் அன்புள்ள என்று இல்லை.