நிலவறை வெளிச்சம்

நிமிர்ந்தால் உத்தரம் இடிக்கும் நிலவறை.
ட்ரோம்சோவில் நவம்பர் கடைசி;
இனி ஜனவரிப் பாதிவரை
சூரியனைக் கணக்கில் சேர்க்க முடியாது.

தொங்கும் விளக்கைத்தான் முதலில் மாட்டினாள் சுன்னிவா.
ரம்பம் எடுக்கும்போதெல்லாம் நெற்றியில் ஒரு குட்டு.
அப்புறம் முதுகுக்குப் பின்னால் ஒரு டியூப்லைட்:
பென்சில் கோட்டின் மேல்
அவள் தலையே வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைக்காரன் லூமன் கணக்குச் சொன்னான்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
எவ்வளவு தடிமன்?
சுண்டுவிரல் கனம்.

இரண்டு உத்தரங்களுக்கு நடுவே,
மேசையின் எதிர்விளிம்புக்கு நேராக
பட்டையைத் திருகி, சுவிட்சைத் தட்டினாள்.
நிழல் முதுகுப்பக்கம் போய் நின்றது.

உளிமுனையில் ஒரு பொக்கை தெரிந்தது.
போன குளிரில் செய்த நாற்காலி
அரை விரற்கடை கோணல் என்பதும்.

அதில் உட்கார்ந்துதான் தினமும்
காப்பி குடிக்கிறான் டோர்கெய்ர்.
ஒரு வார்த்தை சொன்னதில்லை.