கைப்பட்டை

பட்டைக்குள் காற்று ஏறுகிறது.
என் கையை யாரோ பிடித்து நிறுத்துவதுபோல் இருக்கிறது.
நூற்று எழுபத்திரண்டு.
நர்ஸ் உப்புச் சப்பில்லாமல் கேட்கிறாள்:
"உப்பு அதிகமா சேத்துக்கிறீங்களா, வெர்லீன்?"

உப்பு.
இந்த போர்ட் அகஸ்டாவில்
எங்கள் ஜனங்கள் கால் நனைத்த வளைகுடா முழுக்க உப்புதான்.
அதையா கேட்கிறாய்?

படிவத்தை நீட்டுகிறாள்.
பூர்வகுடியா? ஆம், ஒரு டிக்.
புகை இல்லை. மது இல்லை.
கடைசியில், அண்மையில் மன அழுத்தம் ஏதேனும்?
பதிலுக்கு விட்டிருக்கும் இடம்
ஒரு சுண்டுவிரல் நீளம்.

அதில் எதை எழுத?
போனில் தேனாகப் பேசிய வாடகை ஆபீஸ்காரி
நேரில் என்னைப் பார்த்ததும்
"இப்பதான் போச்சு" என்றாளே, அந்த வீட்டையா?
மூன்று வாரம் கழித்தும் அங்கே பலகை தொங்கியது.
மகனுக்கு லைசென்ஸ் கிடைத்த மாதத்தில்
போலீஸ் ஆறு முறை நிறுத்தியதையா?
ஏழாவதற்காக நான் விழித்திருக்கும் இரவுகளையா?
பல்லைக் கடித்துக்கொண்டு இரு, இரு என்று இருந்ததில்
கடைவாய்ப்பல் இரண்டு தேய்ந்தே போனது.
அது பல் டாக்டரின் படிவம். வேறு கட்டடம்.

தம்பி க்ளைட்.
நடுராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தான்.
"எத்தனை பீர்?" என்றார்கள்.
ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் தரும் திராட்சை ரசத்தையே
உதட்டில் ஒற்றிவிட்டுத் துடைக்கிறவன் அவன்.
இரண்டு மணிநேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான்,
பிறகு எழுந்து போய்விட்டான்.
நான் அப்போது கீழ்த்தளத்தில், சலவை அறையில்,
மெஷின் இரைச்சலில்,
அவன் தலைக்கு மேலே இருப்பது தெரியாமல்
விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன்.
இப்போது மார்பில் வலி வந்தால்
காரில் போய் உட்கார்ந்து ரேடியோவைக் கூட்டிவைக்கிறான்.

பதினாறு வருஷச் சலவையில் நான் கற்றது ஒன்றுதான்.
இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில் போடவேண்டும்.
சூடு பட்டால்
உள்ளேயே தங்கிவிடும்.

"இன்னொரு தடவை பாக்கலாம். ரிலாக்ஸா இருங்க."
திரும்பவும் காற்று.
நூற்று அறுபத்தெட்டு.
"பாத்தீங்களா, குறையுது!"

பாவம், நல்ல பெண்தான்.
நான் பையைத் திறந்து
காலையில் வாங்கிய சாமானின் ரசீதை மேசையில் வைத்தேன்.
மூன்றாம் வரிசையிலிருந்து ஏழாம் வரிசைவரை
காவலாளி என் பின்னாலேயே வந்தான்.
மடக்காமல், எல்லோர் கண்ணிலும் படும்படி
இதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான்
கார்வரை நடந்தேன்.
கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டேன்.
இதில் எதையும் சொல்லவில்லை.
"இதையும் ஃபைல்ல வெச்சுக்கோ" என்றேன்.

அவள் எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, வாசித்தாள்.
டீத்தூள் ஒன்று. வெண்ணெய் ஒன்று.
"உப்பில்லாதது" என்று சிரித்தாள்.
"வெரி குட்."