குக்கர் மணி

சோறு வெந்ததும்
மின்சாரக் குக்கரின் சுவிட்ச் டக்கென்று மேலே எகிறும்.
அதுதான் எங்கள் கோயில்மணி.

சமோவாவில் சாலையோரம்
காலி காஸ் சிலிண்டர் ஒன்றைத் தொங்கவிட்டு
அந்தி சாயும்போது சுத்தியலால் அடிப்பார்கள்.
தெற்கு ஆக்லாந்தில் அப்படி அடித்தால்
பக்கத்து வீட்டுக்காரர் நகராட்சிக்குப் போன் போடுவார்.
ஆகையால் குக்கர்.
அரிசி குறைவாகப் போட்ட நாளில்
அது ஏழு மணிக்கு முன்னாலேயே தட்டிவிடும்.
மூன்று வாரமாக
எங்கள் ஜெபம் சீக்கிரமே தொடங்குகிறது.

லெமுவேலுவின் இடது பாதத்தில்
ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை.
கிடங்கில் அன்று முட்டைக்கோஸ் வந்த நாள்
என்று மட்டும் சொன்னார்.
கட்டுப்போட்ட காலை முக்காலியில் வைத்தபடி
ஜன்னல் வழியே
இறங்குகிற விமானங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.
பாத்திரம் விழுந்தாலும் திரும்புவதில்லை.

பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறேன் என்றான்
மூத்தவன் எட்டுவாலே.
வேண்டாம் என்றார்.
அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.
"அம்மா, அப்பாவுக்கு உப்பு வேணுமாம்."
கையெட்டும் தூரத்தில் இருக்கிறவருக்கு
நான் எழுந்துபோய் உப்பு கொடுக்கிறேன்.
பத்து மணிக்கு ஆஸ்பத்திரித் தரை துடைக்கப் போகிறவள்
அதற்கு முன்பே களைத்துவிடுகிறேன்.

டக்.

டிவியை அணைக்கிறோம்.
போன்கள் ரொட்டிக்கூடைக்குள்.
பாயில் நாங்கள் நாலு பேர் சம்மணமிட,
அவர் மட்டும் நாற்காலியில்,
சாட்சிக்கூண்டில் ஏற்றிய ஆள் மாதிரி.
சினா பாட்டெடுத்தாள்,
வழக்கம்போல் ஒரு சுருதி தூக்கலாக.
பின்னாலேயே ஏறிப் பாதியில் மூச்சு வாங்கினோம்.
ஒரு சங்கீதம், குட்டையானது.
அப்புறம் ஆளுக்கொரு வரி ஜெபம்.
ஒரு வரிக்கு மேல் கூடாது, சோறு ஆறிவிடும்,
வீட்டுச் சட்டம்.
தன் முறைக்கு அவர் மூன்று வாரமாக
ஆமென் மட்டும்தான்.

"எல்லாருக்கும் சுகம் தாரும்" என்றான் எட்டுவாலே.
எல்லாரும் என்றால் அப்பாவும் சேர்த்தியா என்று
ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
சினா கணக்குப் பரீட்சைக்காக.
நான் கரண்ட் பில்லில் ஆரம்பித்து
எப்படியோ ஸ்தோத்திரத்தில் முடித்தேன்.

அடுத்தது ஐந்து வயது ஃபெட்டு.
கூப்பிய கையை நெற்றியில் அழுத்திக்கொண்டு
"ஆண்டவரே, அந்த ஃபோர்க்லிஃப்டை மன்னியும்,
பாவம், அது தெரியாமல் பண்ணிடுச்சு."

ஃப்ரிட்ஜ் முனகியது.
கூரைக்கு மேல் ஒரு விமானம் போனது,
அவர் எண்ணவில்லை.
நாற்காலி லேசாகக் குலுங்கியது.
அழுகிறார் என்று பயந்தேன்.
சிரிப்பு.
எட்டுவாலேக்குத் தொற்றி,
சினாவுக்குத் தொற்றி,
என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல்
ஃபெட்டுவும் உருண்டு உருண்டு சிரித்தான்.

சிரிப்பு வற்றினதும்
கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்,
"அதை ஓட்டின பையனையும்."

அப்படி ஒரு பையன் உண்டென்பதே
எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

பிறகு யாரும் பேசவில்லை.
ஊர் ஒன்றும் அடங்கிவிடவில்லை.
தெருவில் யாரோ குப்பைத்தொட்டியைக்
கடகடவென்று இழுத்துப்போனார்கள்,
ஒரு பஸ் பெருமூச்சு விட்டு நின்றது.
ஆனாலும் என் தோள்கள்
தாமாகவே கீழே இறங்கின.
எட்டுப் பேர் உட்காரலாம் அந்தப் பாயில்.
நாங்கள் நாலு பேர்.
மிச்ச இடம் காலியாக இருந்ததாக
எனக்குத் தோன்றவில்லை.

கரண்ட் பில் கதவோரம் அப்படியேதான் கிடந்தது.
சோறு ஆறித்தான் போயிருந்தது.
ஒரு வாய் தின்றுவிட்டு
"உப்பு" என்றார்.

நான் எழவில்லை.
எட்டுவாலே எழுந்தான்.