வெட்டுப்புள்ளி

பருத்தித்துறை பிரதேச செயலகத்தில்
பதினெட்டாம் நம்பர் துண்டு என் கையில்.
இப்போதுதான் ஒன்பதைக் கூப்பிட்டார்கள்.
அட்டர்னி ஹோல்கமின் மின்னஞ்சலை
நாலாவது தரம் வாசிக்கிறேன்:
எந்தப் பிரிவு? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

முதலாவது, அசாதாரண ஆற்றல்.
பதினொரு கட்டுரை, இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்,
பாதிக் காப்புரிமை. மற்றப் பாதி மனேஜருடையது.
'துறையின் உச்சியில் நிற்கும் மிகச் சிலரில் ஒருத்தி'
என்று நானே எழுதி
வேறொருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.
எழுதிப் பார்த்தேன்.
பத்தாம் வகுப்பில் இரண்டாம் பிள்ளையாக வந்த அன்று
அம்மா கேட்டதுதான் ஞாபகம் வந்தது:
"அப்ப முதலாம் பிள்ளை ஆர்?"

இரண்டாவது, தலைசிறந்த ஆராய்ச்சியாளர்.
அதற்கு நிறுவனத்தில்
மூன்று முழுநேர ஆராய்ச்சியாளர் வேண்டுமாம்.
நாங்கள் இரண்டரைப் பேர்.
அந்த அரை, புதன்கிழமைகளில் வராது.

மூன்றாவது, தேசிய நலன்.
அயோவாவின் சோள வயல்களுக்குக் கீழே
நிலத்தடி நீரில் நைத்திரேற்று அளக்கும்
விரல் நீள உணரி என்னுடையது.
அது எப்படி அந்தத் தேசத்துக்கு நலம் என்று
இருபத்தெட்டுப் பக்கம் எழுதியாயிற்று.
நேற்று, புலோலியில் மாமி வீட்டுக் கிணற்றில்
அதே உணரியைக் கயிறு கட்டி இறக்கினேன்.
சுற்றிவர வெங்காயத் தறை, யூரியா,
கீழே ஓட்டை ஓட்டையாய்ச் சுண்ணாம்புக் கல்.
இலக்கம் அயோவாவைத் தாண்டிப் போய் நின்றது.
"குடிக்கலாமோ பிள்ளை?" என்று மாமி கேட்டா.
இருபத்தெட்டுப் பக்கத்திலும்
அதற்குப் பதில் இல்லை.

பன்னிரண்டாம் நம்பர்.

பிரிவு எதுவானாலும் பிறகு ஒரு வரிசை.
வரிசைக்கு உணரி தேவையில்லை, உச்சி தேவையில்லை.
எங்கே பிறந்தாய்?

மண்டபம் முகாம், தொண்ணூற்றொன்று, ஆவணி.
அந்த நாடு எனக்குக் கடவுச்சீட்டுத் தரவில்லை.
அகதி அட்டை தந்தது,
மாதம் ஒரு தடவை செக்கிங் தந்தது.
இப்போது இத்தனை வருடம் கழித்துத்
தன் வரிசையைத் தந்திருக்கிறது:
அட்டவணையில், இந்தியா என்ற நிரலில்,
திகதி இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் நிற்கிறது
டயர் காற்றுப்போன மினிபஸ் மாதிரி.

கோபம் வரவில்லை. எங்களுக்கா இது புதிது?
எத்தனை புள்ளி என்று கேட்டுவிட்டு
எந்த மாவட்டம் என்றும் கேட்கிற நாட்டில்
சோதனை எழுதினவர்கள் நாங்கள்.
வெட்டுப்புள்ளி என்ற சொல்லை
எழுத்துக் கூட்டாமலே வாசிப்போம்.

மின்னஞ்சலின் கடைசி வரி:
உங்கள் கணவர் பிறந்த நாட்டின் கணக்கில்
உங்களையும் சேர்க்கலாம். அவருடைய
பிறப்புச் சான்றிதழை அனுப்புங்கள்.

சேந்தன் மந்திகை ஆஸ்பத்திரியில் பிறந்தவன்.
வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில்
அங்கே மகளுக்குச் சோறு தீத்துகிறவன்.
அவனுக்கு நடுச்சாமம். ஆனாலும் எடுத்தான்.
"உம்மடை இருநூற்றுப் பதினாலு மேற்கோளையும் விட
என்ரை ஆஸ்பத்திரி பெரிசு போலை கிடக்கு."
சிரித்தான். நானும் சிரித்தேன்,
அவனை விடக் கொஞ்சம் பிந்தி.

பதினெட்டு.

படிவத்தில் ஒரு கட்டம்:
பிள்ளைக்கும் விண்ணப்பகாரருக்கும் உள்ள உறவு.
மனைவி என்று எழுதினேன்.
கிளார்க் நிமிர்ந்து பார்த்தா.
"பிள்ளைக்கு மனைவியோ?"
"ஓம். பிள்ளை வளர்ந்திட்டுது."
காசை எண்ணி வாங்கி, முத்திரை குத்தினா.
"மங்கலா விழுந்திட்டுது. திரும்பக் குத்தட்டோ?"
"குத்துங்கோ. நல்லா அமத்தி."

வாசலில் நின்று ஹோல்கமுக்கு எழுதினேன்:
மூன்றாவது.
பிறகு மாமிக்கு எடுத்தேன்.
"குடிக்க வேண்டாம் மாமி. தண்ணி வாங்குவம்."
அந்தப் பக்கம் வாளி கிணற்றுக்குள் விழும் சத்தம்.
"அப்ப பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யிறது?"