மூட்டை எழுந்து நிற்காது

படகின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட்டில் 8.
காற்றில்லாத காலையில் அது
பைக்காரா நீரில் தலைகீழாய் விழும்.
விழுந்த பிறகும் எட்டுதான்.
அதனால்தான் அந்த எண்ணைத் தேர்ந்தார்கள் என்று
டிரைவர் பெள்ளி புது ஆட்களிடம் சொல்வார்.
பொய்.

உண்மை, மணல் மூட்டை.
வருஷத்துக்கு ஒருமுறை
மப்ளர் சுற்றிய ஆய்வாளர் ஒருவர் வருவார்.
எழுபத்தைந்து கிலோ வீதம்
ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு மூட்டையை
உட்காரவைப்போம்.
படகு தாழும்.
விளிம்புக்கும் நீருக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளப்பார்.
பத்து மூட்டை தாங்கியது, நான் பார்த்தேன்.
எட்டு என்று எழுதினார்.
ஏன் சார்?
"மூட்டை எழுந்து நிற்காது."

அது எனக்கு விளங்க ஒரு கடமான் வேண்டியிருந்தது.
எதிர்க்கரைச் சோலையிலிருந்து
தண்ணீர் குடிக்க இறங்கியது.
அங்க, அங்க என்று
படகு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தது.
நீர் விளிம்பில் நாக்கை நீட்டி உள்ளே பார்த்தது.
பெள்ளி இன்ஜினை அணைத்துப்
படுகு மொழியில் ஏதோ கத்தினார்.
புரியாமலே உட்கார்ந்தார்கள்.
மற்ற இரண்டு இடத்தையும்
ஆசைக்கென்று காலி விட்டிருக்கிறார்
அந்த மப்ளர்க்காரர்.

இன்று மே மாத ஞாயிறு.
காங்கயத்திலிருந்து ஒரு வேன். ஒன்பது பேர்.
"ஏனுங்க, கொழந்தைய மடில வெச்சுக்கறமுங்க."
சட்டத்துக்கு மடி கிடையாது என்றேன்.
"பாப்பா பன்னண்டு கிலோ கூட இல்லீங்க.
எங்க மாமா ஒருத்தரே ரெண்டாளு கனம்,
அவர மட்டும் ஏத்துறீங்க?"
நியாயம்தான். அதற்கும் விதியில் இடமில்லை.
யாரோ ஒரு வட்டச் செயலாளர் பெயரைச் சொன்னார்கள்.
டிக்கெட்டுக்கு அடியிலிருந்து
ஐந்நூறு ரூபாய் எட்டிப் பார்த்தது.
பின்னால் வரிசை முனகியது.

அப்புறம் எப்போதும் நடப்பது நடந்தது.
யாரும் கேட்கும் முன்பே ஒரு குரல்:
"நான் இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க."

பதினோரு வருஷமாகக் கேட்கிறேன் இதை.
ஊர் மாறும், சேலை மாறும்.
பெரும்பாலும் மருமகள். சிலசமயம் வேன் டிரைவர்.
ஒருமுறை, பிள்ளையைத் தூக்கிக்கொள்ள
கூட்டி வந்த பதினைந்து வயதுப் பெண்.
ஒன்பதாவது ஆள் யார் என்று
என் விசில் தீர்மானிப்பதில்லை.
வீட்டிலேயே எப்போதோ முடிவாகி
வேனில் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி
ஜெட்டி வரை வந்துவிடுகிறது.

படகு போனது.
அவள் கையில் நாலு பை, ஒரு பால் பாட்டில்,
மாமனாரின் மாத்திரை டப்பா.
"எம் பேரும் எழுதோணுங்களா? பூங்கோதை."
போகிறவர்களுக்குத்தான் கட்டம் இருக்கிறது என்றேன்.
இருந்துகொண்டவர்களுக்கு
எந்தப் புத்தகத்திலும் கட்டம் போடவில்லை.

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள்.
"ஒருத்தி மட்டும் போனா உடுவீங்களா?"

போகலாம்.
எட்டுக்கு மேல் கூடாது என்றுதான் விதி,
கீழே வரம்பு எதுவும் சொல்லவில்லை.
ஆனால் முழுப் படகு வாடகை.

பர்ஸைத் திறந்தாள். மூடினாள்.
தேயிலைத் தூள் வாங்க வைத்திருந்த பணமாம்.
எனக்கு எதற்கு அந்தக் கணக்கு,
நான் லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மறுபடி திறந்தாள்.

பைகளை என் மேஜைமேல் வைத்தாள்.
பாட்டிலை வைத்தாள், இன்னும் சூடாக இருந்தது.
ஜாக்கெட்டின் கொக்கி எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

நபர்கள் என்ற கட்டத்தில் 1 எழுதினேன்.
இத்தனை உயரமாய் மிதந்து
அந்தப் படகை நான் பார்த்ததில்லை.
இந்த நேரத்துக்குக் கடமான் வராது.
வந்தால்,
எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயட்டும் அவள்.